ஹோமி பாபாவுக்குக் கிடைத்தது மற்ற ஆய்வகங்களுக்கு ஏன் இல்லை?

ஆய்வகச் சுதந்திரம், கொள்முதல் விதிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, ஆய்வு நிறுவனங்களின் நிதிப் பிரிவில் வேலை பார்த்தவனின் பதில்கள்.

அணுசக்தித் துறையும் இஸ்ரோவும் மட்டும் இந்தக் கொள்முதல் கெடுபிடிகளிலிருந்து எப்படித் தப்பித்தன சார்? நேருவிடம் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு இருந்த செல்வாக்குதானே?

செல்வாக்கு மட்டும் என்றால் 1966-இல் பாபா இறந்ததோடு எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் செல்வாக்கை அரசு ஆணையாக மாற்றியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 1954-இல் அணுசக்தித் துறை நேரடியாகப் பிரதமரின் கீழ் வந்தது. தலைமையகம் பம்பாய், செயலாளர் ஒரு விஞ்ஞானி. 1958 தீர்மானம் இன்னும் ஒரு படி மேலே போய், அணுசக்தி ஆணையத்துக்குள்ளேயே நிதி உறுப்பினர் ஒருவரை உட்கார வைத்தது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்துக்குள் அங்கேயே முடிவெடுக்கலாம். எல்லாக் கோப்பும் நிதியமைச்சகம் போய் வரத் தேவையில்லை. 1972-இல் வந்த விண்வெளி ஆணையமும் இதே அச்சுதான்.

நான் ஆய்வு மாணவி. ஒரு என்சைம் வாங்கவே மாதக்கணக்கு ஆகிறது. ஏதாவது மாறியிருக்கிறதா?

மத்திய அரசு நிறுவனம் என்றால் மாறியிருக்கிறது. 2025 ஜூனில் பொது நிதி விதிகளைத் தளர்த்தினார்கள். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. கொள்முதல் குழு வழியாக வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்கு இயக்குநரோ துணைவேந்தரோ ஒப்புதல் தரலாம். ஆய்வுப் பொருள்களை ஜெம் என்ற அரசுக் கொள்முதல் போர்ட்டலுக்கு வெளியே வாங்கவும் வழி உண்டு. உங்கள் கொள்முதல் பிரிவு பழைய வரம்பையே சொன்னால், அந்த ஆணையின் நகலோடு போய்ப் பாருங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்துமா?

தானாகப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 1998-ஆம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனியாக இருக்கிறது.

விதியைத் தளர்த்தினால் கமிஷன் அடிக்க மாட்டார்களா அண்ணா?

அடிப்பவர்கள் டெண்டரிலும் அடிக்கிறார்கள். தணிக்கை எங்கேயும் போய்விடவில்லை. செலவான பிறகு கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மாறுவது முன்கூட்டியே வாங்க வேண்டிய கையெழுத்துகள்தான். குறைந்த விலைக்காரரிடம்தான் வாங்க வேண்டும் என்று மட்டமான ரசாயனம் வாங்கி, மூன்று மாதச் சோதனை பாழானால், அந்த நஷ்டத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

அப்படியானால் எல்லோருக்கும் அணுசக்தித் துறை மாதிரியே கொடுத்துவிடலாமா?

அந்த நிதி ஏற்பாட்டைக் கொடுக்கலாம். அணுசக்திச் சட்டம் தரும் ரகசியத்தைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அங்கே வெளியார் கேள்வி கேட்பது கஷ்டம். ஒரு தாவரவியல் துறைக்கு அது எதற்கு?