பெயர் கூப்பிடாத வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் அக்காவின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறான். பொலிஸ் பிடித்தது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் தண்டப்பணம் கட்டினோம். இந்தத் தடவை இரண்டு கிழமை விளக்கமறியலில் இருந்துவிட்டுப் பிணையில் வந்திருக்கிறான். 14 ஆம் திகதி தவணை. அக்காவின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. குடும்பத்துக்கே தலைகுனிவு.

அமெரிக்காவில் போதைக்கு அடிமையானவர்களுக்கென்றே தனி நீதிமன்றங்கள் இருப்பதாகவும், அங்கே போகிறவர்கள் திருந்துவதாகவும் ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? எதனால் அவை பலன் தருகின்றன? நமக்கு அது சரிவருமா? இல்லை, இப்படியானதுகளை முகாமில் போட்டு முறித்து எடுப்பதுதான் வழியா? கட்டாருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் மாமா. பிள்ளைகள் கெடுவதற்குக் கைத்தொலைபேசிதானே காரணம்? அதைப் பற்றியும் எழுதுங்கள்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கச்சி,

இப்படியான கடிதங்களுக்குத் தனிமடலில் நாலு வரி எழுதி முடித்துவிடுவேன். உங்களுடையதைப் பொதுவில் எடுத்தேன், ஏனென்றால் இரண்டு மாதமாக ஒரு பழைய வெள்ளிக்கிழமையை எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் எழும்பிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கைத்தொலைபேசியை விடுங்கள். நாற்பது வருடத்துக்கு முன் கசிப்பில், கள்ளச் சாராயத்தில், ஈரல் வெந்து செத்தவர்கள் எந்தப் போனைப் பார்த்தார்கள்? கட்டாரும் வேண்டாம். போதை விஷயத்தில் அங்குள்ள சட்டம் இங்குள்ளதைவிட இரக்கம் கெட்டது. தாலிக்கொடியோடு வளவு உறுதியும் போகும். மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அந்த நீதிமன்றங்களுக்கு வருவோம். முதலாவது 1989 இல் புளோரிடாவின் மயாமியில் தொடங்கியது. கிராக் கொக்கெயின் ஊரைத் தின்றுகொண்டிருந்த காலம். பிடிப்பது, அடைப்பது, விடுவது, அதே ஆளை மறுபடி பிடிப்பது என்று சுற்றிச் சுற்றிக் களைத்துப்போன இடத்தில்தான் அது பிறந்தது. ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்பவர் அதன் முதல் நீதிபதி. இன்று அந்த நாட்டில் இந்த வகை நீதிமன்றங்கள் மூவாயிரத்துக்கு மேல். காணொளியில் சொல்வதுபோல எல்லோரும் திருந்துவதில்லை. 2012 இல் 154 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, பெரியவர்களுக்கான நீதிமன்றங்களில், மறுபடி குற்றத்தில் மாட்டுகிறவர்கள் நூற்றுக்கு 50 பேர் என்ற நிலை 38 ஆகக் குறைந்ததாகக் கணித்தது. சிறுவர்களுக்கான நீதிமன்றங்களில் பலன் இன்னும் குறைவு. பன்னிரண்டு பேர்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தாய்மார் இருப்பார்கள்.

எப்படி நடக்கிறது? வழக்கை ஒரு பக்கம் நிறுத்திவைத்து, ஆளைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருடம், அதற்கு மேலும் போகும். கிழமைக்கு இரண்டு தடவையாவது, எந்த நாள் என்று சொல்லாமல், சிறுநீர் பரிசோதனை. இரண்டு கிழமைக்கு ஒருதரம் நீதிபதிக்கு முன் வந்து நிற்க வேண்டும். ஒழுங்காக வந்தால் மன்றே கைதட்டும். தவறினால் தண்டனை சின்னது, ஆனால் உடனே வரும். மறியல் என்றாலும் மூன்று, ஐந்து நாளுக்கு மேல் போடவேண்டாம், நீட்டினால் கெடுதிதான் என்று அவர்களுடைய அனுபவம் சொல்கிறது. முடித்தவருக்கு வழக்குத் தள்ளுபடி, இல்லையென்றால் தண்டனைக் குறைப்பு.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று. அடிமைப்பட்டவன் ஆரம்பத்தில் மறுபடி பாவித்துவிட்டால் சிகிச்சையை மாற்றிப் பார்க்கிறார்கள். பாவித்துவிட்டு இல்லை என்று பொய் சொன்னால்தான் தண்டிக்கிறார்கள். பாவிக்காமல் இருப்பது அவனால் இன்றைக்கு முடியாத காரியம். உண்மை சொல்வது முடியும். நம் வீடுகளில் தலைகீழ்: உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் அடி விழும்.

இன்னொன்று, எல்லோரையும் இதற்குள் தள்ளக்கூடாது. ஏதோ ஒருதரம் இழுத்துப் பார்த்துப் பிடிபட்ட பொடியனை முற்றிய ஆட்களோடு ஒரே வாங்கில் உட்காரவைத்தால் அவன் கெட்டுத்தான் போவான். விட முடியாத அளவுக்கு அடிமைப்பட்டு, திரும்பத் திரும்ப மாட்டுகிறவனுக்குத்தான் இது. ஐஸுக்கு, ஹெரோயினுக்கு மெதடோன் கொடுப்பதுபோல ஒரு மாற்று மருந்தும் இல்லை. பரிசோதனையில் சுத்தம் என்று வரும் ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு பரிசு கொடுக்கிற முறைதான் அதில் நல்ல பலன் தந்திருக்கிறது. லஞ்சம் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். வகுப்பில் நீங்கள் நட்சத்திரம் ஒட்டுவதில்லையா?

சரி, இதெல்லாம் எவரும் படித்துச் சொல்லலாம். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. 69 நீதிமன்றங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நீதிபதி ஒவ்வொருவரோடும் குறைந்தது மூன்று நிமிடமாவது பேசுகிற இடங்களில் பலன் மிகக் கூடுதல். 23 நீதிமன்றங்களில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் அங்கேதான் போய் முடிந்தது: இந்த நீதிபதி என்னை மனுசனாக மதிக்கிறார் என்று நினைத்தவர்கள் குறைவாகப் பாவித்தார்கள், குறைவாகக் குற்றம் செய்தார்கள். மூன்று நிமிடம், தங்கச்சி. அதே நீதிபதி, அதே ஆள், திரும்பத் திரும்ப.

வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். மறுகரையான படுவான்கரையிலிருந்து ஒருவர் வருவார். கசிப்பு. மாதத்துக்கு ஒருதரமாவது கூண்டில் நிற்பார். "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று நான் கேட்பேன். "குற்றவாளி ஐயா" என்பார், வாசலில் நிற்பவர் வணக்கம் சொல்வதுபோல. தண்டம். மனைவி சேலைத் தலைப்பில் முடிந்துவைத்த காசை அவிழ்ப்பாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

புதிதாக ஒரு நீதவான் வந்தார், தென்பகுதிக்காரர், தமிழ் தெரியாது. மூன்றாம் தடவை அந்தக் கசிப்புக்காரரைக் கூண்டில் கண்டதும் கோப்பை மூடிவைத்துவிட்டு, இவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கச் சொன்னார். தோணி கட்டுகிறவர் என்றார் அவர். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து தனக்கு முகம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த மனுசன் மண்முனைத் துறையில் முதல் பாதைப் படகைப் பிடித்து வருவார், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு. நீதவான் கேட்பார்: எத்தனை நாள் குடிக்கவில்லை? தோணி எந்த அளவில் நிற்கிறது? நான் மாற்றிச் சொல்வேன். ஒரு வெள்ளி, "ஆறு நாள் ஐயா, ஏழாம் நாள் குடிச்சிட்டன்" என்றார். நீதவான் சிரித்து, அப்படியானால் இன்றைக்கு மறுபடி முதலாம் நாள் என்றார். பிறகு அவரே "சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்கப் பழகிக்கொண்டார். அதற்கு நான் தேவைப்படவில்லை. ஒன்பது மாதம் அந்த மனிதர் மேல் வழக்கு வரவில்லை.

நீதவானுக்கு இடமாற்றம் வந்தது. நிபந்தனைக் காலமும் முடிந்திருந்தது. அடுத்த வெள்ளியும் அந்தத் தோணிக்காரர் வந்தார். பின்வாங்கில் உட்கார்ந்திருந்தார். மன்று கலைந்த பிறகு என்னிடம் வந்து, "ஐயா, இண்டைக்கு என்ட பேரக் கூப்பிடல்லியே" என்றார். நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டே, "உனக்கு வழக்கில்லை, வீட்ட போ" என்றேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வெள்ளி வந்து இருந்துவிட்டுப் போனார். புதிய நீதவானிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும்? மூன்று நிமிடம்கூட வேண்டாம். மாரி தொடங்குவதற்கு முன்பே, "குற்றவாளியா, சுற்றவாளியா" என்று மறுபடி அவரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உங்களை ஏச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். தாலிக்கொடி இருக்கிறது, மாமா இருக்கிறார், தலைகுனிவு இருக்கிறது. பொடியனுடைய பெயர் இல்லை. "அக்காவின் மகன்", கடைசியில் "இப்படியானதுகள்". என்னிடமிருந்து மறைப்பதற்காக என்று சொல்லாதீர்கள்; உங்கள் பெயரை, பாடசாலையை எல்லாம் எழுதித்தான் இருந்தீர்கள். வீட்டிலாவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா? படிப்பிக்கிற பிள்ளை நீங்கள். காலையில் இடாப்பை விரித்து நாற்பது பெயர் கூப்பிடுகிறவர்.

முகாம் என்று கேட்டீர்கள். வெலிக்கந்தைக்கு அப்பால் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு முகாமில் 2022 இல் ஒருவர் செத்து, நூற்றுக்கணக்கானவர்கள் வேலி பாய்ந்து ஓடியது மறந்துபோயிற்றா? முறித்து எடுக்க அவன் விறகில்லை. சட்டத்துக்கு இங்கே பஞ்சமும் இல்லை. சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போட 1999 இலேயே சட்டம் வந்தது. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென்று 2007 இல் ஒன்று. போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தம், 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்கிறது. மில்லிகிராம் கணக்கில் பிடிபட்ட பொடியனை இரண்டு கிழமைக்கு ஒருதரம் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை. நாளுக்கு எத்தனை வழக்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நானும் அந்தக் கோப்புகளைச் சுமந்தவன்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதா இல்லையா என்பது சட்டத்தரணி சொல்ல வேண்டியது, அதில் நான் வாய்வைக்க மாட்டேன். ஆனால் சீர்திருத்தக் கட்டளைக்கு இடமுண்டா என்று அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் தண்டத்தோடு முடித்துவிடுவார்கள், அதுதான் எல்லோருக்கும் சுகம். பொடியன் கடைசியாக எப்போது பாவித்தான் என்று ஒரு தாளில் அவனே எழுதட்டும். உண்மையை எழுதினால் அன்றைக்கு அக்கா அவனுக்குப் பிடித்த கறியைச் சமைக்கட்டும்.

14 ஆம் திகதி நானும் வருகிறேன். என் தங்கை வீடு அந்தப் பக்கம்தான், முதல்நாளே வந்து தங்கிவிடுவேன். எட்டரைக்கே போய்விட வேண்டும், பிந்தினால் பின்வாங்கில்கூட இடம் கிடைக்காது. அதற்கு முன் அவன் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள், வீட்டில் கூப்பிடுகிற பெயரை.