திசையன்விளைக்கு ரயில்

கேள்வி: திசையன்விளைக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியதாமே, உண்மையா?
வாசகி, உவரி

பதில்: உண்மைதான். திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் (குலசை), உடன்குடி வழியாக திசையன்விளை வரை இரண்டடி அகலத் தண்டவாளம். குலசையில் இருந்த பாரி கம்பெனி சர்க்கரை ஆலைக்காகப் போட்டது. ஊர்க்காரர்களும் ஏறிப் போனார்கள். 1914-இல் தொடங்கி 1940-இல் நின்றுவிட்டது.

அதை விட்டால் தேரி எனும் செம்மணல் மேடுகளில் மாட்டுவண்டிதான். சக்கரம் புதைந்தால் பிள்ளைத்தாய்ச்சி தவிர எல்லாரும் இறங்கித் தள்ளணும் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். 1923-இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயிலே வந்தது. அது இன்றும் ஓடுகிறது. அப்புறம் பஸ் வந்தது. இப்போது உவரியிலிருந்து கடலோரமாகவே கூடங்குளம், கன்னியாகுமரி போய்விடலாம். ஆனால் திசையன்விளைக்கு ரயில் திரும்பவில்லை. திருச்செந்தூர் - கன்னியாகுமரி கடலோர ரயில் கேட்பவர்கள் பக்கம்தான் நான்.