தம்பிக்கு வளர்ந்த நரம்பு கணவருக்கு ஏன் வளரவில்லை?

கேள்வி: கண்ணாடி கிழித்து என் தம்பிக்கு மணிக்கட்டு நரம்பு அறுந்தது. தைத்து எட்டு மாதத்தில் விரல்களில் உணர்வு திரும்பிவிட்டது. ஏணியிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட என் கணவருக்கு இரண்டு வருடமாகியும் கால் அசையவில்லை. இரண்டும் நரம்புதானே, டாக்டர்?

பதில்: நரம்புதான் அம்மா, இருக்கும் இடம்தான் வேறு. கையில் அறுந்தால், நரம்பு இழைக்கு உறை போடும் ஷ்வான் செல்கள் சிதைந்த உறையைச் சில வாரங்களில் அப்புறப்படுத்தி, வரிசைகட்டி நின்று புது இழைக்குத் தடம் போடும். நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்ச்சி. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 செ.மீ. என்றால் ஆறு மாதம். இழை கிளம்பவே சில வாரம் பிடிக்கும். தம்பியின் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

தண்டுவடத்தில் உறை போடுவது ஆலிகோடென்ட்ரோசைட் என்ற வேறு வகைச் செல். அந்த உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு, பெயரே 'நோகோ', அதாவது 'போகாதே'! சிதைந்த உறையும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். போதாக்குறைக்கு, கருவில் இருந்த வளரும் வேகம் முதிர்ந்த நரம்பு செல்லுக்கு இருப்பதில்லை.

ஆனால் வளரவே தெரியாது என்று சொல்ல முடியாது. 1981-ல் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலியின் கால் நரம்புத் துண்டை எடுத்து, மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தார்கள். வளராது என்று நினைத்த இழைகள் அதற்குள் 3 செ.மீ. வரை ஓடின. மறுமுனையில் தண்டுவடத்துக்குள் திரும்ப நுழைந்ததும் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. அந்தப் படத்தை வகுப்பில் காட்டும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

அடிபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பைத்தான் நான் வெகுகாலம் முதல் எதிரி என்று சொல்லிக்கொடுத்தேன். 2016-ல் சுண்டெலிகளில் அது உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். இழைகள் கூடுதலாக வளரவில்லை. பாடத்தை மாற்றிக்கொண்டேன்.

தழும்பைக் கரைக்கும் ஊசி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்: ஆசனவாயைச் சுற்றி ஊசியால் லேசாகத் தொட்டால் அவருக்குத் தெரிகிறதா? தெரிந்தால் தண்டுவடம் முழுதாக அறுபடவில்லை. தப்பிய இழைகள் பக்கக்கிளை விட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வழியுண்டு. பிசியோதெரபியை இரண்டு வருடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.