கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுகள்: வாசகர் கேள்வி பதில்

மல்லாட்டைக் கொல்லை வரப்பில் வானம்பாடிக் குஞ்சு ஒன்று தத்திக்கொண்டே போகிறது. வால்கூட முளைக்கவில்லை. கூட்டிலிருந்து விழுந்துவிட்டதா? வீட்டுக்கு எடுத்து வரலாமா?
*வாசகி, ஒடுகத்தூர்*

விழுவதற்கு வழியே இல்லை. வானம்பாடியின் கூடு தரையில்தான் இருக்கிறது. வானம்பாடி, அதைப் போலவே தரையில் கூடு கட்டும் நெட்டைக்காலி ஆகியவற்றின் குஞ்சுகள் பொரித்த பத்து நாள் வாக்கில், பறக்கத் தெரிவதற்கு முன்பே, தாமாகவே கூட்டை விட்டு இறங்கிவிடும். மூன்று குஞ்சும் ஒரே குழியில் கத்திக்கொண்டிருந்தால் கீரியோ சாரைப்பாம்போ ஒரே வேளையில் எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆளுக்கொரு புல்தூரில் பதுங்கினால் ஒன்றாவது தப்பும்.

எடுத்து வர வேண்டாம். ஐம்பது அடி தள்ளி, மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். தாய் அல்லது தகப்பன் வெட்டுக்கிளியைக் கவ்வி வந்து, சற்றுத் தள்ளி இறங்கி, நடந்தே குஞ்சிடம் போகும். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது வரவே வராது. அதைப் பார்த்துத்தான் பலர் "அனாதைக் குஞ்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் கட்டாந்தரையில் கிடந்தால் மட்டும் கையால் எடுத்து, பத்தடிக்குள் இருக்கும் ஆவாரை நிழலில் விடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண்பேச்சு. பால், சோறு கூடாது. வாயில் தண்ணீர் சொட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிக் குஞ்சு செத்துப்போகும். பூனை கடித்திருந்தால் கதை வேறு. காயம் சிறிதாகத் தெரிந்தாலும் சீழ் பிடிக்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

காட்பாடியில் காலிமனை ஒன்றில் ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. நேற்று ஒன்றுகூட இல்லை. திருட்டா?
*வாசகர், காட்பாடி*

பொரித்திருக்கவும் கூடும். ஆள்காட்டிக் குஞ்சு உடம்பு காய்ந்ததும் நடக்கத் தொடங்கிவிடும், தானே இரை கொத்தித் தின்னும். பெற்றோரின் வேலை காவலும் நிழலும்தான். முட்டை ஓடுகளையும் அவையே அப்புறப்படுத்திவிடும். குழியில் பொடித் துண்டுகள்தான் மிஞ்சும். மனையைச் சுற்றி நூறு மீட்டர் நடந்து பாருங்கள். பெற்றோர் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் குஞ்சு அருகில்தான் எங்கோ தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. காலைப் பார்த்து வையுங்கள், அது எழுந்து ஓடாது. பறவைகள் உங்களைச் சட்டை செய்யவில்லை என்றால் முட்டை போனது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தக் குஞ்சுகளில் எத்தனை பிழைக்கின்றன என்று ஆய்வாளர்கள் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
*கல்லூரி மாணவர், வேலூர்*

கூட்டை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். அமெரிக்கப் புல்வெளிகளில் இதற்காகவே இறங்கும் தறுவாயில் உள்ள குஞ்சின் தொடைகளில் மெல்லிய எலாஸ்டிக் வளையம் மாட்டி, இடுப்பின் மேல் சிக்னல் அனுப்பும் ரேடியோ குறிப்பானை உட்கார வைக்கிறார்கள். குறிப்பானின் எடை குஞ்சின் உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 20 கிராம் குஞ்சுக்கு அதிகபட்சம் 1 கிராம். வளையம் இறுகினால் கால் பழுதாகும், தளர்ந்தால் கழன்று விழும். தினமும் ஆன்டெனாவோடு போய்த் தேட வேண்டும். முதல் சில நாள் குஞ்சு கூட்டைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள்தான் இருக்கும். சிறகு பலப்பட்ட பிறகே நூற்றுக்கணக்கான மீட்டர் நகரும். சிக்னல் சில சமயம் பாம்பின் வயிற்றிலிருந்தே வரும்!

சாவு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு நாளைப் பிழைத்துக் கடக்கும் வாய்ப்பு 0.95 என்றால் நல்ல எண்ணாகத் தோன்றும். ஏழு முறை பெருக்குங்கள், 0.70 தான். பதினான்கு நாளுக்கு 0.49. சிக்னல் மறைந்தால் செத்தது என்றும் எழுதக் கூடாது, தப்பியது என்றும் எழுதக் கூடாது. அந்த நாளோடு அந்தக் குஞ்சைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். நம் ஊரில் வனத்துறை அனுமதியில்லாமல் குறிப்பான் மாட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாந்தோப்பில் மெஷின் வைத்துப் புல் வெட்டும்போது காடை, கௌதாரிக் குஞ்சுகள் அடிபடுகின்றன. வழி உண்டா?
*விவசாயி, குடியாத்தம்*

ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டாதீர்கள். குஞ்சுகள் நடுவில் மிஞ்சும் புல்லுக்குள் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வேலிப் பக்கமாக வெளியே வெட்டி வாருங்கள். மெஷினை மெதுவாக ஓட்டுங்கள். வேலியோரம் மூன்றடி அகலத்துக்கு ஊசிப்புல்லை அப்படியே விட்டுவிடுங்கள். தோப்பு நாயை அன்றைக்குக் கட்டிப் போடுங்கள்.