துறை மாறும் மேலாளர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

*சாய ஆலையில் 16 வருடங்களாக உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். வயது 42. கம்பெனிகளின் சஸ்டைனபிலிட்டி (சுற்றுச்சூழல் நிலைத்தன்மை) பிரிவுக்கு மாற ஆசை. அதற்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்க வேண்டுமா?*
- ஒரு வாசகர், திருப்பூர்

வேண்டாம். அந்தப் படிப்பு சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) வேலைக்கு உதவும், நீங்கள் கேட்பது வேறு வேலை. பங்குச்சந்தையில் மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் செபி (பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம்) விதிப்படி பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை தந்தாக வேண்டும். மின்சாரம், தண்ணீர், கழிவு, கரியமில வாயு எல்லாம் அதில் எண்களாக வர வேண்டும். அறிக்கை எழுத ஆள் கிடைக்கிறது. மீட்டரைப் பார்த்து "இந்த எண் தப்பு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்டதும், ஜீரோ டிஸ்சார்ஜுக்கு (கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு) மாறிய பிறகே திறந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஆர்.ஓ. தண்ணீரை மீட்கிறது, மிச்ச உப்புநீரை வற்றவைக்க எவாபரேட்டர் நீராவியைக் குடிக்கிறது. தண்ணீர்க் கணக்கு நன்றாக இருக்கும்போதே எரிபொருள் கணக்கு ஏறுவது ஏன் என்று விளக்கத் தெரிந்தவர் நீங்கள். அதுதான் உங்கள் முதலீடு.

உங்கள் ஆலையின் கரியமில வாயுவைக் கணக்கிட, முதலாளியின் அனுமதியோடு 12 மாத ஈ.பி. பில், ஜெனரேட்டர் டீசல், பாய்லர் விறகு ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் போடுங்கள். கிரிட் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. டீசல் ஸ்கோப் 1 (ஆலையே நேரடியாக எரிப்பது), ஈ.பி. ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரம்), வாங்கும் நூலும் வெளி லாரி வாடகையும் ஸ்கோப் 3 (நமக்காகப் பிறர் வெளியிடுவது). பலரும் சறுக்குவது இங்கேதான்: ஜெனரேட்டர் தந்த யூனிட்டை ஈ.பி. யூனிட்டோடு கூட்டிவிட்டு, டீசலையும் தனியே எழுதுவார்கள். ஒரே மின்சாரம் இரண்டு முறை ஏறிவிடும். விறகுப் புகையின் கரியமில வாயுவை ஸ்கோப் 1-ல் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும்.

*கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதியில் ஓடும் தொண்டு நிறுவனம் ஒன்று என்னை இயக்குநராக அழைக்கிறது. சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?*
- ஒரு வாசகி, மதுரை

சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் (சி.எஸ்.ஆர். நிதி பெறத் தேவையான அரசுப் பதிவு), 12ஏ (அமைப்பின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு) எப்போது காலாவதி ஆகின்றன என்பது, மூன்று வருட ஆடிட் அறிக்கை. இவற்றைக் காட்டத் தயங்கினால் அங்கே சேராதீர்கள்.

அடுத்து, வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியிடமிருந்து வருகிறதா என்று பாருங்கள். கம்பெனி சி.எஸ்.ஆருக்குச் சட்டப்படி செலவிட வேண்டிய 2 சதவீதம், கடந்த மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் கணக்கிடப்படுகிறது. இந்த வருட லாபச் சரிவு உங்கள் பட்ஜெட்டைத் தொட அடுத்த வருடம் ஆகும். அதற்குள் நீங்கள் ஆள் சேர்த்திருப்பீர்கள்.

சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதம் என்ற நிர்வாகச் செலவு வரம்பு கம்பெனியின் சொந்தச் செலவுக்கு உரியது. அதைத் தொண்டு நிறுவனத்தின் மேலும் போட்டு, கணக்காளர் சம்பளத்தை வெட்டும் கம்பெனிகள் உண்டு. திட்ட ஊழியர் சம்பளத்தைத் திட்டச் செலவாகவே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணம் மார்ச் கடைசியில்தான் வருகிறது என்றால், ஒப்பந்தத்தில் 'தொடர் திட்டம்' (ஒரு நிதியாண்டைத் தாண்டி நடப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செலவாகாத தொகையை கம்பெனி ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். இல்லாவிட்டால் மார்ச் 31-க்குள் பில் கேட்டு நெருக்குவார்கள். அவசரத்தில் வாங்கிய தையல் மெஷின்கள் உறை பிரிக்காமல் கிடக்கும்.