படம் மங்கல் என்று குழுவில் கேட்டால் லென்ஸைக் கூரியரில் போடச் சொல்கிறார்கள்

மயிலாடுதுறை வாசகி ஒருவரின் கேள்வி: "கேனான் 1500டி கேமராவுக்கு 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மகளை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தி எடுத்தால் ஒரு கண் பளிச்சென்று விழுகிறது, இன்னொரு கண் மங்கல். அவள் நடனமாடும் படங்கள் எல்லாமே கலங்கல். வாட்ஸப் புகைப்படக் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டேன், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் தனிச்செய்தியில் வந்து, உள்ளே ஃபங்கஸ் இருக்கிறது, லென்ஸை அனுப்புங்கள், 2,500 ரூபாய்க்குச் சுத்தம் செய்து தருகிறேன் என்றார். 500 ரூபாய் முன்பணமும் அனுப்பிவிட்டேன். லென்ஸை அனுப்பலாமா? குழுவில் எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்? புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடமும் கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?"

அனுப்பாதீர்கள். மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஃபங்கஸுக்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்தால் படம் முழுக்க வெளிறும், கறுப்பு சாம்பலாகும், விளக்குக்கு எதிரே எடுத்தால் புகை மூட்டம் போலத் தெரியும். ஒரு கண்ணை விட்டுவிட்டு இன்னொரு கண்ணை மட்டும் அது மங்கலாக்காது.

உங்களுக்கு நடப்பது வேறு. 50 எம்எம் லென்ஸின் திறப்பை எஃப் 1.8-இல், அதாவது முழுக்கத் திறந்து வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால், இந்தக் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2.7 சென்டிமீட்டர். இரண்டு கண்களுக்கு நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. குழந்தை முகத்தை 30 டிகிரி திருப்பினாலே ஒரு கண் மற்றதைவிட 3 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. அது மங்கத்தான் செய்யும். திறப்பைக் குறைத்து எஃப் 4-க்கு வந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த ஆழம் 24 சென்டிமீட்டராகும், முகம் முழுவதும் அடங்கிவிடும். ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் எதை வேண்டுமானாலும் கேமராவே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். அது பெரும்பாலும் தனக்கு அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும்: மூக்கு, வளையல், முன்னால் நீட்டிய கை. நடுப்புள்ளியை மட்டும் வைத்துக் கண்ணில் பிடியுங்கள். பிடித்த பிறகு இரண்டு விரற்கடை முன்னே சாய்ந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

நடனப் படங்களுக்குக் காரணம் ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஒளி உள்ளே விழும் நேரம். கை நடுக்கம் தெரியாமல் இருக்க இந்த லென்ஸுக்கு 1/80 விநாடி போதும். ஆடுகிற கால் நிற்க அது போதாது. 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள், வேகமான ஜதிக்கு 1/500. எஃப் 2.8 வைத்து, ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600, 3200 வரை ஏற விடுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். புள்ளியைக் குறைக்க மென்பொருள் உண்டு, ஆடிப்போன படத்தை அப்படி மீட்க முடியாது.

குழுவில் ஏன் ஆளுக்கொரு பதில் வந்தது? அவர்கள் பார்த்தது உங்கள் படமே அல்ல. கேமரா எழுதும் ஒவ்வொரு கோப்பிலும் எக்ஸிஃப் என்ற குறிப்பு சேர்ந்தே வரும். ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர் என்ற திறப்பு அளவு, ஐஎஸ்ஓ, லென்ஸ் எத்தனை எம்எம் என்ற ஃபோகல் லெங்த், ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா என எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடுகிறது, படமும் சுருங்கிவிடுகிறது. எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அசல் போகாது. 6000-க்கு 4000 பிக்சல் இருந்த படத்தைச் சுருக்கி, குறிப்பைக் கழற்றி அனுப்பிவிட்டு "ஏன் மங்கல்?" என்று கேட்டால் எந்த நிபுணரும் ஊகம்தான் சொல்வார். இத்தனை ஆண்டுகளாகப் புகைப்படக் குழுக்கள் இப்படியே நடக்கின்றன. கேள்வியை இன்ன மாதிரி போடுங்கள் என்று நான்கு வரி எழுதிக் குழுவின் முகப்பில் ஒட்டி வைக்க அட்மின்களுக்கு மனம் வரவில்லை. காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் தடை போடத் தெரிகிறது.

அசலை அனுப்பும் வழி எளிது. மெமரி கார்டை ஓடிஜி கார்டு ரீடர் வழியாக ஃபோனில் செருகி, கோப்பை அப்படியே நகலெடுங்கள். கேமராவின் வைஃபை வழியாக இறக்கினால் சுருக்கிய அளவு என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து அதை நீக்குங்கள். வாட்ஸப்பில் இணைப்புக் குறியை அழுத்தி, கேலரியைத் தொடாமல் டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தாலும் சரி. போய்ச் சேர்ந்த கோப்பு சில நூறு கேபி மட்டும் இருந்தால் தவறான வழியில் போயிருக்கிறது, சில எம்பி இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் கூடவே கூடாது. எடிட் செய்த படமும் வேண்டாம்.

இன்னொன்று, மகள் படத்தை அனுப்பாதீர்கள். முகம் தெரியாதவர்கள் இருக்கும் குழுவில் குழந்தையின் பெரிய அளவுப் படம் எதற்கு? உங்கள் கேமரா இருப்பிடத்தைத் தானாகப் பதிவதில்லை, ஆனால் ஃபோனில் எடுத்த படமாக இருந்தால் வீட்டின் இடம்கூட அதில் ஏறியிருக்கலாம். கேட்க வேண்டியது லென்ஸைப் பற்றி. அதற்கு மூன்று பென்சில் பேட்டரிகள் போதும்.

சோதனை இதுதான். ஜன்னலோர மேசையில் மூன்று பேட்டரிகளை நிற்க வையுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 3 சென்டிமீட்டர் பின்னால், 6 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். பக்கவாட்டு இடைவெளி குறைந்தால் கேமரா பக்கத்துப் பேட்டரியைப் பிடித்துவிடும், ஏனென்றால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியும் சிறு கட்டத்தைவிட அது உண்மையில் பார்க்கும் பரப்பு பெரிது. முக்காலி இல்லையென்றால் கேமராவைப் பாடப்புத்தக அடுக்கின் மேல், பேட்டரிகளின் உயரத்துக்கே, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முன்னால் மாட்டியிருக்கும் மலிவு யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். எத்தனையோ பேருடைய மங்கலுக்கு அந்தக் கண்ணாடித் துண்டே காரணம். ஏவி மோட் (திறப்பை நாமே வைப்பது), எஃப் 1.8, ஐஎஸ்ஓ 400, நடுப்புள்ளி, 2 விநாடி டைமர். வியூஃபைண்டர் வழியாக நடுப் பேட்டரியின் எழுத்தில் ஃபோகஸ் பிடித்து ஐந்து படம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தூரத்து ஜன்னலில் ஒருமுறை ஃபோகஸ் பிடித்துக் கலைத்துவிடுங்கள். அடுத்து லைவ் வியூ (பின்பக்கத் திரையில் பார்ப்பது) போட்டு, பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸை எம்எஃப்-க்கு மாற்றிக் கையால் திருப்பி அதே எழுத்தில் ஐந்து படம்.

இரண்டு வரிசையிலும் நடுப் பேட்டரி தெளிவாக இருந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். இரண்டுமே மங்கல் என்றால் லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியதும் அப்பர்ச்சர் தானாக முழுத்திறப்பில் நிற்கும். பின்பக்கமிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல, வேர் போலக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். தனித்தனிப் புள்ளிகள் என்றால் தூசு, அதை மறந்துவிடலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. லைவ் வியூவில் தெளிவு, வியூஃபைண்டரில் மங்கல். உண்மையான பழுதாக இருக்கக்கூடியது இது. இதைத்தான் குழுக்கள் சரியாகக் கையாளுவதே இல்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்களுடையது போல உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் பார்ப்பது படம் பதியும் சென்சார் அல்ல. அந்தப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சிறு கண்ணாடி, ஒளியைக் கேமராவின் அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. இந்த இரண்டு பாதைகளும் நூலளவு விலகினால், கேமரா பிடித்துவிட்டேன் என்று பீப் அடிக்கும், தெளிவோ முன் பேட்டரியிலோ பின் பேட்டரியிலோ விழும். ஐந்து படத்திலும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு விலகியிருந்தால்தான் இது அந்தப் பழுது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று சரி என்று வந்தால் வெளிச்சம் போதவில்லை அல்லது மேசை ஆடுகிறது. திரும்ப எடுங்கள். பழுதுதான் என்றால் அது கேமராவிலா லென்ஸிலா என்று பிரிக்க இன்னொரு லென்ஸ் வேண்டும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் இதற்கு உதவாது, 55 எம்எம்மில் அது எஃப் 5.6, அந்த ஆழத்தில் விலகல் மறைந்துவிடும். தெரிந்தவரிடம் அகலத் திறப்புள்ள லென்ஸை அரைமணி நேரம் கேளுங்கள். அதிலும் அதே பக்கம் விலகினால் கேமரா, விலகாவிட்டால் உங்கள் லென்ஸ்.

இங்கே இரண்டு தவறான பதில் கட்டாயம் வரும். "மெனுவில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் போடுங்க" என்பது ஒன்று. ஃபோகஸ் விலகலை நாமே திருத்திக்கொள்ளும் அந்த வசதி கேனானின் 80டி, 90டி, 6டி போன்றவற்றில் உண்டு, 1500டியில் இல்லை. இன்னொன்று உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர் சொல்வது: "அப்படியொரு பிரச்சினையே கிடையாது". அவர் கேமராவில் கிடையாது, படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்த்துக்கொள்கிறது. உங்களுடையதற்கு சர்வீஸ் சென்டர்தான் வழி. கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், சோதனைப் படங்களை பென்டிரைவில் போட்டுக் கூடவே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் "பழுது எதுவும் இல்லை" என்று எழுதித் திருப்பிவிடுவார்கள், பார்த்ததற்குக் கட்டணமும் வாங்குவார்கள். சிறு ஊர்களில் சர்வீஸ் சென்டர் என்று பலகை மாட்டியிருப்பவை பல வெறும் வாங்கி அனுப்பும் கவுண்டர்கள். பொருள் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று கேட்டால் பதில் இருக்காது. கேமரா எண், லென்ஸ் எண் இரண்டும் எழுதிய ஜாப் ஷீட் கைக்கு வராமல் பொருளை விடாதீர்கள்.

இனி அந்தத் தனிச்செய்திக்காரர். இவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள், முறையும் ஒன்றேதான். பொதுவில் ஒரு பயம் காட்டுவார்கள்: ஃபங்கஸ், கோட்டிங் போச்சு, சென்சார் அவுட். பிறகு "இன்பாக்ஸ் வாங்க". ஏன் இன்பாக்ஸ்? பொதுவில் சொன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் மறுத்துவிடுவார். லென்ஸ் அவர் கைக்குப் போனதும் "உள்ளே ரொம்ப மோசம், சரிசெய்தாலும் நிற்காது, நான் வேண்டுமானால் 1,500-க்கு எடுத்துக்கொள்கிறேன், இன்னொன்று என்னிடம் இருக்கிறது" என்று பேச்சு மாறும். உங்கள் லென்ஸே துடைத்து வேறொருவருக்கு விற்கப்படும். உண்மையிலேயே திறந்து துடைப்பவராக இருந்தாலும், இந்த விலை லென்ஸைப் பிரித்துக் கண்ணாடிகளை மறுபடி நேராக உட்கார வைப்பதற்கு ஆகும் செலவு இன்னொரு பழைய லென்ஸின் விலையை நெருங்கும். அட்மினே "நம்பகமான ஆள்" என்று சிபாரிசு செய்தாலும் விலகி நில்லுங்கள், அந்தச் சிபாரிசில் அவருக்கும் பங்கு இருக்கலாம். முகம் பார்க்காதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், எவராக இருந்தாலும்.

குழுவில் இனி இப்படிக் கேளுங்கள்: "1500டி, 50 எம்எம் எஸ்டிஎம், ஃபில்டர் இல்லை. எஃப் 1.8, 1/200, ஐஎஸ்ஓ 400. ஒரு மீட்டர், புத்தக அடுக்கின் மேல், நடுப்புள்ளி. வியூஃபைண்டரில் ஐந்திலும் முன் பேட்டரி தெளிவு, லைவ் வியூவில் நடுப் பேட்டரி. அசல் கோப்பு டாக்குமென்டாக இருக்கிறது. பதில் இங்கேயே சொல்லுங்கள், தனிச்செய்தி வேண்டாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏமாற்ற வருபவர்களில் பாதிப் பேர் அதிலேயே ஒதுங்கிவிடுவார்கள்.

உங்களிடம் கேட்பவர்களுக்கு முதலில் அசல் கோப்பைக் கேளுங்கள். வராதவரை காரணம் சொல்லாதீர்கள். வந்ததும் ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் பார்த்து, எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "1/30-இல் எடுத்திருக்கிறீர்கள், 1/250 வைத்து அதே இடத்தில் மறுபடி எடுத்து அனுப்புங்கள்". ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று இருவருக்கும் தெரியாது. புது லென்ஸ் வாங்கச் சொல்வது உதவியே அல்ல.

அந்த 500 ரூபாய்: லென்ஸ் அனுப்பவில்லை, பணத்தைத் திருப்பிப் போடுங்கள் என்று ஒரே ஒரு செய்தி எழுதுங்கள். திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று அவர் அனுப்பினால் தொடாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம், பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். பதில் வராவிட்டால் உரையாடலைப் படமெடுத்து, யூபிஐ செயலியில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். தொகை சிறிது என்று விடவேண்டாம். அதே எண்ணின் மேல் வேறு புகார்கள் ஏற்கெனவே இருக்கலாம்.