கறுப்புக் கட்டத்துக்கு அடியில் பெயர் அப்படியேதான் இருக்கிறது

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு வந்த மனுக்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து பிடிஎஃப் ஆக்கினால் போதுமா?

பதில்: போதாது. கட்டம் எழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரியை மவுஸால் இழுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயர் முழுசாக வந்து நிற்கும். வேர்டில் கறுப்பு ஹைலைட் போட்டாலும் இதே கதைதான்.

மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். பிடிஎஃப் கோப்புகளைத் திருத்த உதவும் அக்ரோபேட் புரோ மென்பொருளில் இதற்கென்றே ‘ரிடாக்ட்’ கருவி இருக்கிறது. அதில் இரண்டு படிகள். முதலில் மறைக்க வேண்டியதைக் குறிப்பது, அடுத்து ‘அப்ளை’ கொடுப்பது. எழுத்து உண்மையில் அழிவது இரண்டாவது படியில்தான். குறித்ததோடு சேமித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. பிறகு ‘சானிடைஸ்’ கொடுத்தால் கமென்ட், இணைப்பு, தயாரித்தவர் பெயர் எல்லாம் நீங்கும்.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்து எழுத்தாக மாற்றுவது) செய்திருந்தால் படத்துக்குப் பின்னால் எழுத்தும் இருக்கும். கையெழுத்தில் உள்ள பெயர்களோ தேடலில் சிக்காது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மென்பொருள் இல்லையா? கட்டம் போட்ட பக்கங்களை அச்சிட்டு, அந்தத் தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பழைய வழிதான், ஆனால் நம்பலாம். தாளில் மார்க்கர் பேனாவால் அடிப்பதை மட்டும் நம்பாதீர்கள்: ஸ்கேன் செய்த படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடலாம். எண்களை மங்கலாக்குவதும் வேண்டாம். ஓர் இலக்கத்துக்குப் பத்தே வாய்ப்பு. ஒவ்வொன்றையும் அதேபோல் மங்கலாக்கி ஒப்பிட்டால் அகப்பட்டுவிடும்.

எக்ஸெல் இன்னும் ஆபத்து. 2023 ஆகஸ்ட்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்ட ஒருவருக்கு அனுப்பிய எக்ஸெல் கோப்பில் மறைந்திருந்த ஒரு ஷீட் வழியாக 9,483 பேரின் விவரம் வெளியே போனது. பிவட் அட்டவணையும் (மூலத் தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) அப்படித்தான்: கூட்டுத்தொகையில் இரட்டைக் கிளிக் செய்தால் மூல வரிசைகள் கொட்டலாம். தேவையான நெடுவரிசைகளின் மதிப்புகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி, சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமியுங்கள். மறைத்து வைத்த நெடுவரிசை ஏதாவது கூடவே வந்திருந்தால், அந்த சிஎஸ்வியைத் திறந்ததுமே கண்ணில் படும்.

பெயரை எடுத்தும் ஆள் தெரிந்துவிடுவது தனிச் சிக்கல். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, பாலினம் மூன்றும் சேர்ந்தாலே பலரை அடையாளம் காணலாம். தேதிக்குப் பதில் ஆண்டு மட்டும் போதும். ‘ஊரின் ஒரே மருத்துவர்’ என்ற சொற்றொடரும் ஒரு பெயர்தான். கட்டங்களை ஒரே நீளத்தில் போட்டு, உள்ளே ‘பெயர்’, ‘எண்’ என்று எழுதுங்கள்; நீளத்தை வைத்து ஊகிக்க முடியாது, படிப்பவருக்கும் என்ன நீக்கப்பட்டது என்று புரியும்.

முடித்ததும், இந்த வேலையைச் செய்யாத வேறொருவர் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கட்டும். அப்படியே கோப்பின் பெயரையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே எல்லாம் மறைத்துவிட்டு, மனுதாரர் பெயரிலேயே சேமித்திருப்பார்கள்.